பெயரை முதலில் எழுதி வையுங்கள்



போன இதழ் வெளிவந்த பிறகு நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மகனுக்கு இரண்டரை வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்றரை வயதில் சொல்லிக்கொண்டிருந்த "பால்", "தாத்தா" எல்லாம் இப்போது வாயில் வருவதில்லை. குழந்தை மருத்துவர் ஆட்டிசம் மதிப்பீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மருத்துவமனையில் கேட்டால், கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்துத்தான் இடம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கேட்டால், "உங்கள் பிளானைப் பொறுத்தது." ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "இவங்க அப்பாவும் மூணு வயசு வரைக்கும் பேசலம்மா, தானா வரும்" என்கிறார். கணவருக்கு இரண்டு மனம். "எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இன்ஷூரன்ஸ் இதற்குப் பணம் கொடுக்குமா, கொடுக்காதா?" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

இந்தக் கேள்வி அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

சகோதரி, முதலில் உங்கள் கேள்விக்குப் பதில்: பெரும்பாலான பிளான்கள் கொடுக்கும். எப்படிக் கேட்க வேண்டும் என்று பிறகு விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மருத்துவமனையின் காத்திருப்புப் பட்டியலில் மகன் பெயரை எழுதி வையுங்கள். வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டாம். கணவருக்குச் சந்தேகம் இருக்கட்டும், மாமியாருக்கு நம்பிக்கை இருக்கட்டும். இரண்டுமே பட்டியலில் பெயர் எழுதுவதற்குத் தடை இல்லை. நாள் வரும்போது தேவையில்லை என்று தோன்றினால் ரத்து செய்துவிடலாம். ஆனால் ஆறு மாதம் பேசிப் பேசி, கடைசியில் போனை எடுத்தால், அந்த ஆறு மாதமும் வரிசையின் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டு உட்காரவும் வேண்டாம். இரண்டு மூன்று இடங்களில் எழுதி வையுங்கள். "யாராவது ரத்து செய்தால் எங்களைக் கூப்பிடுங்கள், உடனே வருவோம்" என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்லி வையுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கில், 2022ஆம் ஆண்டில் எட்டு வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவராக அடையாளம் காணப்பட்டிருக்கிறார். முதன்முதலாக அது கண்டறியப்பட்ட வயதின் இடைநிலை 47 மாதம். நான்கு வயதுக்கு ஒரு மாதம்தான் குறைவு. அனுபவமுள்ள நிபுணரால் இரண்டு வயதிலேயே உறுதியாகச் சொல்ல முடிகிற ஒன்று இது. நடுவில் போகும் இரண்டு வருடம் குழந்தையின் மூளை வேகமாக வளரும் காலம்.

மாமியார் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. தாமதமாகப் பேசிய குழந்தைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மருத்துவர் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. நம் வீடுகளில் நிலாவைக் காட்டித்தானே சோறு ஊட்டுகிறோம்? பாட்டி விரலை நீட்டி "அதோ பாரு நிலா" என்றதும், ஒன்றரை வயதுக் குழந்தை பொதுவாக விரல் போகும் திசையில் வானத்தைப் பார்க்கும். பார்த்துவிட்டுப் பாட்டியின் முகத்தையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும், "நீயும் பார்த்தியா?" என்பது போல. மருத்துவர்கள் தேடுவது அந்த இரண்டாவது பார்வையைத்தான். அதற்குத் தமிழும் தேவையில்லை, ஆங்கிலமும் தேவையில்லை. "வீட்டில் தமிழ், டேகேரில் ஆங்கிலம், அதனால்தான் குழம்பிப் போய் பேசவில்லை" என்று சில மருத்துவர்களே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை, பேச்சும் முடங்கிப் போவதில்லை. அதற்காக வீட்டில் தமிழை நிறுத்தவும் வேண்டாம். தாத்தா பாட்டியோடு அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஒரே பாலம் அதுதான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் முன்சோதனை செய்யச் சொல்கிறது. பொதுவாக எம்-சாட் என்ற 20 கேள்வித் தாளைக் கையில் கொடுப்பார்கள். 2010ஆம் ஆண்டின் ஏசிஏ சட்டப்படி, ஏறக்குறைய எல்லாப் பிளான்களும் இந்த முன்சோதனைக்கு உங்களிடம் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. அந்தத் தாளை நிரப்பும்போது அவசரம் வேண்டாம். வேண்டிய பொருளை விரல் நீட்டிக் கேட்கிறதா என்று ஒரு கேள்வி இருக்கும். குழந்தை அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃபிரிட்ஜ் கைப்பிடி மேல் வைக்கிறது. "கேட்கிறானே" என்று நாம் ஆமாம் என்று குறித்துவிடுவோம். அது விரல் நீட்டுவது ஆகாது. உங்கள் கையை ஒரு கருவியாக எடுத்துக்கொள்வதும், விரல் நீட்டி உங்களிடம் கேட்பதும் வேறு வேறு. சந்தேகம் இருந்தால் குறிக்காமல் விட்டு, மருத்துவரிடம் நடப்பதை நடப்பது போலச் சொல்லுங்கள்.

இந்தத் தாளில் வரும் எண், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். ஆட்டிசம் என்று சொல்ல முழு மதிப்பீடு வேண்டும். குழந்தை வளர்ச்சி மருத்துவரோ, உளவியலாளரோ, குழந்தை நரம்பியல் மருத்துவரோ, மனநல மருத்துவரோ குழந்தையோடு உட்கார்ந்து, உங்களோடு பேசி, அறிக்கை எழுதித் தர வேண்டும். இன்ஷூரன்ஸ் சிக்கல் எல்லாம் தொடங்குவது இங்கேதான்.

அதற்குள் போகும் முன், காத்திருக்கும் மாதங்களைப் பற்றி. நம்மில் பலர் மதிப்பீடு முடிந்தால்தான் உதவி கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வயது நிறையாத குழந்தைக்கு எர்லி இன்டர்வென்ஷன் என்ற உதவித் திட்டம் இருக்கிறது. கலிபோர்னியாவில் அதற்கு எர்லி ஸ்டார்ட் என்று பெயர், டெக்சாஸில் ஈசிஐ. இதற்கு ஆட்டிசம் என்ற முடிவும் வேண்டாம், மருத்துவர் சீட்டும் வேண்டாம். பெற்றோரே கூப்பிடலாம். ஐடிஇஏ என்ற மத்தியச் சட்டப்படி மதிப்பீடு இலவசம். கூப்பிட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் குழந்தையைப் பார்த்து, திட்டம் வகுக்கும் கூட்டத்தையும் நடத்த வேண்டும். அதன் பிறகு வரும் பயிற்சிகளுக்குச் சில மாநிலங்கள் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும். நியூ ஜெர்சியும் அப்படித்தான், கேட்டுக்கொள்ளுங்கள். சகோதரி, உங்கள் மகனுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. நாளைக் காலை கூப்பிட்டால் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ என்று இழுக்காமல், இரண்டு மாதத்துக்குள் பேச்சுப் பயிற்சியாளர் உங்கள் வீட்டுக்கு வர வாய்ப்பு இருக்கிறது.

மூன்று வயது முடிந்துவிட்டால் உங்கள் பள்ளி மாவட்டம்தான் பொறுப்பு. குழந்தை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதில்லை. "என் குழந்தையைச் சிறப்புக் கல்விக்காக மதிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதற்குக் கெடு கிடையாது. நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாள், அல்லது உங்கள் மாநிலம் வகுத்த காலத்துக்குள் அவர்கள் முடிக்க வேண்டும். விசா நிலை இதற்குத் தடை இல்லை. ஹெச்-4இல் வந்த குழந்தைக்கும் இதே உரிமை உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் நம்மவர்கள் திரும்பத் திரும்ப ஏமாறுகிறார்கள். பள்ளி மதிப்பீட்டில் "ஆட்டிசம்" என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஏபிஏ என்ற நடத்தைப் பயிற்சிக்கு இன்ஷூரன்ஸில் கேட்டால், மருத்துவ அறிக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பள்ளி பார்ப்பது கல்விக்கான தகுதியை. இன்ஷூரன்ஸ் கேட்பது மருத்துவரோ உளவியலாளரோ கொடுக்கும் நோயறிதலை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சென்னையில் பார்த்துக்கொண்டு வரும் குடும்பங்களும் உண்டு. அங்கே நல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது உங்களுக்குத் தெளிவு தரும். ஆனால் இங்குள்ள பிளான்கள் பெரும்பாலும் இங்கே உரிமம் பெற்றவரின் அறிக்கையைத்தான் ஏற்கும். அதனால் ஊருக்குப் போனாலும் இங்குள்ள வரிசையை விட்டுவிடாதீர்கள்.

இனி இன்ஷூரன்ஸ். உங்கள் அட்டையில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே அட்டை, ஒரே பெயர், ஆனால் பின்னால் இருக்கும் பணம் இரண்டு விதம். சில பிளான்களில் இன்ஷூரன்ஸ் கம்பெனியே பணம் கொடுக்கிறது. வேறு சிலவற்றில், முக்கியமாகப் பெரிய நிறுவனங்களில், வேலை கொடுத்தவரே தன் பணத்திலிருந்து கொடுக்கிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்கு வழக்கு மட்டும் பார்க்கும். இதற்கு செல்ஃப்-ஃபண்டட் என்று பெயர். இன்று 50 மாநிலங்களிலும் ஆட்டிசத்துக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டும் என்று ஏதோ ஒரு வகையில் விதி இருக்கிறது. ஆனால் செல்ஃப்-ஃபண்டட் பிளான்கள் 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால், மாநில விதி அவற்றைக் கட்டுப்படுத்தாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காமல் போவதற்கும், அதே போல உங்களுக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்காமல் போவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். பெரிய ஐடி நிறுவனங்கள் பல தாமாகவே ஆட்டிசத்துக்குக் கொடுக்கின்றன. சிறிய கன்சல்டிங் கம்பெனிகள் மூலம் வேலை செய்கிறவர்கள்தான் கூடுதல் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஹெச்ஆரிடம் ஒரே ஒரு வரி போதும்: "நம் பிளான் செல்ஃப்-ஃபண்டடா? சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷனை அனுப்புங்கள்." குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கேட்கவே சிலர் பயப்படுகிறார்கள், ஹெச்-1பி போய்விடுமோ, மேனேஜருக்குத் தெரிந்துவிடுமோ என்று. குடும்பத்தின் மருத்துவத் தகவலை வேலை சம்பந்தமான முடிவுகளுக்குப் பயன்படுத்துவதை ஹிப்பா சட்டத்தின் விதிகள் தடுக்கின்றன. அந்தப் பயத்தால் குழந்தையின் காலம் போக வேண்டாம்.

போன் செய்யும்போது "ஆட்டிசத்துக்கு கவர் உண்டா?" என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் "பிளானைப் பொறுத்தது" என்று பதில் வருகிறது. முதலில் மதிப்பீடு செய்யப்போகும் கிளினிக்கைக் கூப்பிட்டு, எந்தச் சேவைக் குறியீடுகளில் (கோடு) பில் போடுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வளர்ச்சிச் சோதனை என்றால் 96112, 96113 வரும். உளவியல் சோதனை என்றால் 96130, 96131, 96136, 96137. முதல் நேர்காணலுக்கு 90791 போடுவார்கள். பிறகு அட்டையின் பின்பக்கம் பாருங்கள். மனநலப் பிரிவுக்குத் தனி எண் இருந்தால் அதில்தான் கேட்க வேண்டும், பல இடங்களில் அதை வேறொரு கம்பெனி நடத்துகிறது. ஒவ்வொரு கோடாகச் சொல்லி, இதற்குக் கவர் உண்டா, முன் அனுமதி வேண்டுமா, அதை யார் கேட்க வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவமனை நெட்வொர்க்கில் இருப்பது போதாது. குழந்தையைப் பார்க்கப்போகும் உளவியலாளர் இருக்கிறாரா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரே கட்டடத்தில் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருக்கலாம், பில் ஆயிரக்கணக்கில் வரலாம். பேசியவர் பெயர், தேதி, அழைப்பின் ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

"கவர் உண்டு" என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. டிடக்டிபிள் முடியும் வரை உங்கள் கையிலிருந்துதான் போகும். இந்த வருடம் வீட்டில் ஒரு பிரசவமோ அறுவைச் சிகிச்சையோ நடந்து அது ஏற்கெனவே நிறைந்திருந்தால், பிளான் வருடம் முடிவதற்குள், பெரும்பாலும் டிசம்பர் 31க்குள், மதிப்பீட்டை முடிக்கப் பாருங்கள். ஹெச்எஸ்ஏ கணக்கு வைத்திருப்பவர்கள் அதிலிருந்தும் கட்டலாம்.

ரெஃபரல் கடிதத்தையும் வாங்கிப் படியுங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது. பல பிளான்கள் கல்விக்காகச் செய்யும் சோதனைகளுக்குப் பணம் கொடுக்காது. மருத்துவர் நல்ல எண்ணத்தோடு "பள்ளிக்குத் தயாரா என்று பார்க்க" என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்த வரியைக் காட்டியே மறுத்துவிடலாம். சொன்ன வார்த்தைகளை இழந்தது, கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டாதது, எம்-சாட்டில் வந்த எண், இவை அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் திருத்தித் தரச் சொல்லுங்கள். டாக்டரிடம் இப்படிக் கேட்பது நம் வழக்கத்தில் இல்லை என்று தெரியும். இங்கே யாரும் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நெட்வொர்க்கில் இருப்பவர் எல்லாரும் ஒரு வருடம் கழித்து வரச் சொன்னால் அதற்கும் வழி உண்டு. எந்தெந்தக் கிளினிக்கை எந்தத் தேதியில் கூப்பிட்டீர்கள், எப்போது இடம் என்றார்கள் என்று அந்த நோட்டிலிருந்து எடுத்து எழுதி, வெளியே உள்ள ஒருவரை நெட்வொர்க் கட்டணத்திலேயே பார்க்க அனுமதி கேளுங்கள். கேப் எக்ஸெப்ஷன் என்பார்கள். எல்லாருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்காதவருக்குக் கிடைக்காது.

மறுத்துவிட்டால் போனில் வாதாடிப் பயனில்லை. காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். எந்த விதியை வைத்து மறுத்தீர்கள், அந்தப் பக்கத்தைக் கொடுங்கள் என்று கேளுங்கள், இலவசமாகத் தர வேண்டும். மறுப்பு வந்ததிலிருந்து 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இன்னும் நடக்காத மதிப்பீட்டுக்கான முன் அனுமதி என்றால் பொதுவாக 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் மருத்துவரே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மருத்துவரோடு பேசுவதற்கும் வழி இருக்கிறது, அதில் பல மறுப்புகள் மாறிவிடுகின்றன. அப்புறமும் இல்லை என்றால், மருத்துவத் தேவை இல்லை என்பது போன்ற காரணத்துக்கு வெளியார் மறுஆய்வு கேட்கலாம். அதற்கு நான்கு மாத அவகாசம். அவர்கள் சொல்வது இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். மனநலத்துக்குக் கவர் கொடுக்கும் பிளான், உடல்நலத்துக்கு வைப்பதைவிடக் கடுமையான நிபந்தனையை அதற்கு வைக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டின் பாரிட்டி சட்டம் சொல்கிறது. மேல்முறையீட்டுக் கடிதத்தில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். புகார் செய்ய, மாநில விதிக்கு உட்பட்ட பிளான் என்றால் மாநில இன்ஷூரன்ஸ் துறை, செல்ஃப்-ஃபண்டட் என்றால் மத்தியத் தொழிலாளர் துறை.

மெடிக்கெய்டு என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு 21 வயது வரை தேவையான மதிப்பீடும் சிகிச்சையும் கொடுத்தாக வேண்டும். சில மாநிலங்களில் பெற்றோர் வருமானம் அதிகமாக இருந்தாலும், குழந்தையின் தேவையை வைத்து மெடிக்கெய்டு கிடைக்க வழி இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் விசாரியுங்கள்.

மதிப்பீட்டு நாளைப் பற்றிக் கொஞ்சம். ஏடிஓஎஸ் என்ற சோதனையில் சோப்புக் குமிழி ஊதுவார்கள், பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். பார்க்க விளையாட்டு போலத்தான் இருக்கும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் பாட்டியையும் கூட்டிப்போங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அப்பாவையே மொழிபெயர்க்க விட்டால், பாட்டி சொன்ன பாதி அவர் மனதுக்குள்ளேயே நின்றுவிடும். குழந்தை தமிழில் சொல்லும் சொற்களை எல்லாம் எழுதிக் கொண்டுபோங்கள், அவையும் கணக்கில் வர வேண்டும். வீட்டில் எடுத்த வீடியோக்களும் உதவும்.

தானாகச் சாப்பிடுகிறானா, ஸ்பூன் பிடிக்கிறானா என்று கேட்பார்கள். நம் வீட்டில் நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஊட்டித்தான் விடுகிறோம். "இல்லை" என்று மட்டும் சொன்னால் குழந்தையால் முடியாது என்று எழுதிவிடுவார்கள். "நாங்கள் ஊட்டிவிடுவது வழக்கம், தனியாக விட்டால் சாப்பிடுவான்" என்றோ, "விட்டுப் பார்த்தோம், முடியவில்லை" என்றோ தெளிவாகச் சொல்லுங்கள். அதற்காக முந்தின வாரம் இரண்டு நாள் தட்டைக் குழந்தை முன்னால் வைத்துவிட்டு, சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அறிக்கை எத்தனை வாரத்தில் வரும் என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். வந்ததும் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஆட்டிசம் என்றால் எஃப்84.0 என்ற நோய்க் குறியீடு, தேவையான உதவியின் நிலை, எந்தெந்தப் பயிற்சி வேண்டும் என்ற பரிந்துரை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பரிந்துரையில் இல்லாத பயிற்சிக்கு அனுமதி வாங்குவது கடினம். ஒரு பிரதியை எப்போதும் கையில் வைத்திருங்கள். வேலை மாறினால் பிளானும் மாறும், அனுமதியை முதலிலிருந்து வாங்க வேண்டும். அப்போது இந்த அறிக்கைதான் பேசும்.

இந்த வழியில் ஏற்கெனவே போய் வந்த வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் எந்தக் கிளினிக்கில் வரிசை குறைவு, தமிழ்க் குடும்பத்தைப் புரிந்துகொண்டு பேசும் உளவியலாளர் யார் என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பெயரை வெளியிட மாட்டோம். ஊர்வாரியாகத் தொகுத்து, கேட்கும் குடும்பங்களுக்கு அனுப்பி வைக்கிறோம். நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள், அந்தச் சகோதரி காத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்